வலதுபக்கச் சுக்கான்

கிளட்ச்சை அப்படிப் போட்டு மிதிக்கக் கூடாது. கேட்டீங்களா தம்பி அந்தச் சத்தத்தை? வண்டி அழுது. சரி, நமக்கென்ன. நான் ரிட்டயர்டு ஆனவன். கவர்மெண்டு பஸ் ஓட்டி ஓட்டிக் கை காய்ச்சுப் போனதோட நம்ம வேலை முடிஞ்சுபோச்சு. எவன் எப்படி ஓட்டினாலும் நான் வாயத் திறக்க மாட்டேன். அது என் சுபாவமே இல்ல.

பை கால்ல இடிக்குதா? இருங்க, மடியில வச்சுக்கிடுதேன். உள்ள கம்பி. முறைக்காதீங்க, கத்தி கித்தி ஒண்ணும் இல்ல. சுக்கான் ஊசி. இந்தா பாருங்க, சாண் நீளத்துக்கு மேல இருக்கா? எவர்சில்வர். கோவில்பட்டியில லேத்துல பக்கத்துல உக்காந்து கடைஞ்சு வாங்கினது. ஒரு தலைமுடி அளவு கூடினாலும் உள்ள போகாது, குறைஞ்சாலும் ஆடும்.

சுக்கான்னா தெரியும்ல? போட்டு, அதான் படகு, அதுக்குப் பின்னால தண்ணிக்குள்ள நிக்கிற பலகை. அதைத் திருப்பினா போட்டு திரும்பும். பஸ்ஸுக்கு ஸ்டியரிங் மாதிரின்னு வச்சுக்கிடுங்க. அந்தப் பலகையைப் போட்டோட சேத்துக் கோக்கிற கம்பிதான் இது. நீங்க தூத்துக்குடி வரைக்கும்தானே? எட்டயபுரமே இன்னும் வரல. அப்ப சொல்லுதேன்.

என் மக சங்கரேஸ்வரிய தூத்துக்குடியில குடுத்திருக்கு. குடுத்திருக்குன்னா, அவளே போயிட்டா. லவ் மேரேஜ். மாப்ளை பேரு ரெனால்டு, கப்பல் ஏஜெண்டு ஆபீஸ்ல வேலை. வேற மதம். எனக்கு அதுல ஒரு வருத்தமும் கிடையாது. ஒரு வருசம் பேசாம இருந்தேன், அவ்வளவுதான். அது கோவம் இல்ல தம்பி, அப்ப எனக்கு டூட்டி ஜாஸ்தி.

பேரன் பிறந்ததும் போனேன். வீட்டுக்காரி இருந்தா அவ போயிருப்பா. அவ போய்ச் சேந்துட்டா. மகளுக்கு ஒத்தாசைக்கு நான்தானே போகணும்? போனா, அங்க ஏற்கெனவே ஒத்தாசைக்கு ஆள் இருக்கு. மாப்ளையோட அம்மா. ரெஜினாள்னு பேரு. பெரியாஸ்பத்திரி எலும்பு வார்டுல நர்ஸா இருந்து ரிட்டயர்டு ஆனவுக. அவுகளுக்கும் வீட்டுக்காரர் இல்ல. வீடு எவ்வளவு பெருசுங்கீங்க? ஒரு ஹாலு, ஒரு ரூமு, ஒரு அடுப்படி. அதுக்குள்ள புருசன் பொண்டாட்டி, பச்சைப்பிள்ளை, நான், அவுக.

நான் ஒருத்தருக்கும் தொந்தரவு குடுக்கிற ஆளு இல்ல. ஒரு மூலையில உக்காந்து நாலு நல்லது கெட்டது சொல்லுவேன், அதோட சரி. அவுகதான். பேரனைத் தொடணும்னா சோப்புப் போட்டுக் கை கழுவணும். முழங்கை வரைக்கும். முன்னால நின்னு பாப்பாக. நான் தொட்டில் ஆட்டினா ஓடி வந்து கயித்தைப் பிடிச்சுக்கிடுவாக.

"சம்பந்தி, இது தொட்டிலு. பைபாஸ் ரைடர் இல்ல" ன்னாக ஒரு நாளு.

"ஆமா சம்பந்தியம்மா, இது வீடு. வார்டு இல்ல" ன்னேன். மரியாதையாத்தான் சொன்னேன்.

அவுக ஃபேனைப் போடுவாக. பிள்ளைக்கு வேர்க்குதுன்னு. நான் நிப்பாட்டுவேன், சளி பிடிக்கும்னு. மறுபடி போடுவாக. மறுபடி நிப்பாட்டுவேன். சண்டை கிண்டை எல்லாம் எனக்குப் பிடிக்காது, விட்டுக் குடுத்துப் போயிருவேன். சுவிட்சுப் பக்கத்துலயே சேரைப் போட்டு உக்காந்துக்கிட்டேன், அவ்வளவுதான்.

ஒரு நாள் பாக்கேன், அடுப்படியில என் மக கண்ணைக் கசக்கிக்கிட்டு நிக்கா. "என்ன தாயி?" ன்னேன். "வெங்காயம்பா" ன்னா. கையில முருங்கைக்காய் இருந்துச்சு. முந்தி நறுக்கியிருப்பா போல.

அன்னைக்குச் சாயங்காலம் மாப்ளை என்னை மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போனாரு. தங்கமான பிள்ளை. குரலைத் தாழ்த்திச் சொல்லுதாரு: "மாமா, நம்ம போட்டுல சுக்கான் ஆடுது. இந்த ஊர்ல ஒருத்தனை நம்பிக் குடுக்க முடியல. ஸ்டியரிங் ஆட்டத்தைப் பத்தி உங்களை விட்டா யாருக்குத் தெரியும்? பெரிய வேலை மாமா. காலையில போனா சாயங்காலம் வரைக்கும் ஆகும்."

அடேயப்பா, என் மாப்ளைக்கு ஆளைப் பாத்து வேலை குடுக்கத் தெரியுதேன்னு எனக்கு ஒரே இது. மறுநாள் காலையில ஸ்பேனர் செட்டு, ஸ்க்ரூ டிரைவர், கிரீஸ் டப்பா எல்லாம் எடுத்துக்கிட்டுக் கடக்கரைக்குப் போறேன். கரையில ஓலைக் கொட்டகை. அதுக்குள்ள போட்டு. போட்டுப் பக்கத்துல முக்காலி. முக்காலியில யாருங்கீங்க? ரெஜினாள் சம்பந்தியம்மா. கையில ரப்பர் கிளவுஸ், மூக்குல மாஸ்க்.

"நீங்க எங்க இங்க?" ன்னேன்.

"அதை நான்ல கேக்கணும். எம்மகன் நேத்து என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னான். அம்மா, சுக்கான் மூட்டு தேஞ்சுபோச்சு, மூட்டுன்னா உனக்குத் தெரியாததான்னு."

"எங்கிட்ட ஸ்டியரிங்குன்னுல்லா சொன்னாரு?"

"உங்க மனசு நோகக் கூடாதுன்னு சொல்லியிருப்பான்."

எப்படி இருக்கு பாருங்க. என் மனசு நோகக் கூடாதாம்.

அந்தப் போட்டை நீங்க பாத்திருக்க மாட்டீங்க. கேட்டமரான்னு சொல்லுவாங்க. நம்ம கட்டுமரத்தை வெள்ளைக்காரன் வாயில போட்டு மென்னு துப்பின பேருதான், ஆனா இது மரமும் இல்ல, கட்டினதும் இல்ல. ஃபைபர்ல வாழைக்காய் மாதிரி ஒல்லியா ரெண்டு மிதவை. ரெண்டுக்கும் நடுவுல நார்க்கட்டில் மாதிரி இழுத்துக் கட்டின வலை. நாம உக்காரதெல்லாம் அந்த வலையிலதான். மேல ஒரு பாய். மெட்ராஸ்ல எவரோ ஓட்டித் தேச்சதை மாப்ளை வாங்கிப் போட்டிருக்காரு. ரெண்டு மிதவைக்கும் ரெண்டு வால், வாலுக்கு ஒரு சுக்கான். ரெண்டையும் சேத்து ஒரு குறுக்குக் கம்பி. ஒண்ணைத் திருப்பினா ரெண்டும் திரும்பும்.

ரெண்டு சுக்கான் இருந்ததாலதான் தம்பி அன்னைக்குக் கொலை விழல. நான் வலது பக்கம் எடுத்துக்கிட்டேன், டிரைவர் சீட்டு எப்பவும் வலதுதானே. அவுக இடது.

ஆட்டிப் பாத்தேன். கடகடங்குது. ஊசி போற ஓட்டை வட்டமா இருக்கணும், தேஞ்சு தேஞ்சு முட்டை மாதிரி ஆயிட்டு. ஊசியும் நடுவுல மெலிஞ்சு போச்சு. சுக்கானை ஒரு பக்கம் திருப்பினா, திரும்பலாமா வேண்டாமான்னு யோசிச்சுட்டுத் திரும்புது. ஓட்டையைப் பெருசாக்கி உள்ள குழாய் மாதிரி ஒரு புஷ்ஷைச் சொருகு, ஊசிக்குப் பதிலா நீளப் போல்ட்டைப் போட்டு முறுக்கு, முடிஞ்சது ஜோலின்னேன். அவுக என்ன செஞ்சாக தெரியுமா? ஓட்டையை ஸ்பிரிட்டு போட்டுத் துடைச்சாக. கண்ணாடி நார்த் துணியைச் சின்னச் சின்னதா வெட்டி, பசையில முக்கி, மாவுக்கட்டுப் போடுற மாதிரி சுத்துக்கட்டா ஒட்டினாக. ஒட்டிட்டு, "இதை ஒரு நாள் அசைக்கப்பிடாது" ன்னு சுக்கான் மேல எழுதி வச்சாக. சுக்கானுக்கு வாசிக்கத் தெரியுமா? எனக்குத்தான் எழுதியிருக்காகன்னு பின்னால புரிஞ்சுது.

எனக்கு வாஷர் வேணும். ரெண்டு இரும்புக்கும் நடுவுல மெத்துன்னு ஒரு பிளாஸ்டிக் வாஷர் போட்டாத்தான் ஆட்டம் நிக்கும். கடையில கேட்டா அந்தக் கனத்துல இல்லங்கான். வீட்டு அடுப்படியில வெள்ளையா ஒரு காய் நறுக்குற பலகை. நல்ல கட்டியான பிளாஸ்டிக். ஆறு வாஷர் வெட்டினேன். சும்மா சொல்லக் கூடாது, கம்பெனியில செஞ்சா கூட அப்படி வராது. ராத்திரி அவுக வெண்டைக்காய் நறுக்கப் பலகையை எடுத்தாக. பலகையில ஆறு ஓட்டை. ஓட்டை வழியா என்னையப் பாத்தாக.

மறுநாள் நான் ஷேவிங் பண்ண பிரஷ்ஷைத் தேடுதேன், காணும். கொட்டகைக்குப் போறேன், அவுக பசை தடவிக்கிட்டிருக்காக. என் பிரஷ்ஷு. கட்டையாக் காஞ்சு விறைச்சு நிக்கி.

"என்ன சம்பந்தியம்மா இது?"

"ஆபரேஷன்னா கிடைச்சதை வச்சுத்தான் செய்யணும், சம்பந்தி."

அதுலேருந்துதான் இந்தத் தாடி. நல்லாயிருக்குன்னு அவுகதான் சொன்னாக. சொன்னதுக்காக நான் வைக்கல. பிரஷ்ஷு வாங்க நேரமில்ல.

இவன் என்ன, வளைவுல போயி ஓவர்டேக் எடுக்கான்! தம்பி, அந்தக் கம்பியைப் பிடிச்சுக்கிடுங்க. ஓய் டிரைவர், பாத்து! ...நான் ஒண்ணும் சொல்லல. சொல்லவே கூடாதுன்னுதான் இருக்கேன்.

எங்க விட்டேன்? ஆங். வேலை முடிஞ்சுது. அவுகளும் கட்டு காஞ்சப்புறம் போல்ட்டுப் போட்டு நட்டு முறுக்கிட்டாக. ரெண்டு சுக்கானும் கல்லு மாதிரி நின்னுச்சு. ஆட்டம் இல்ல. அன்னைக்கு ராத்திரி வீட்டுல சொன்னேன், "முடிஞ்சது மாப்ளை, நாளைக்கு நான் வீட்டுலதான்" னு. அவுகளும் சொன்னாக, "நானும்" னு. மாப்ளையும் மகளும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. சந்தோசம் தாங்கல போல.

காலையில எதுக்கும் ஒரு நடை பாத்துட்டு வரலாம்னு போனேன். பாத்தா, அவுகளும் எனக்கு முன்னால வந்து நிக்காக. ரெண்டு சுக்கானும் லொடலொடன்னு ஆடுது! நான் முறுக்கின நட்டு தம்பி. பஸ்ஸு வீல் நட்டு முறுக்கின கை. அது கையில கழருது. அவுக பக்கமும் அப்படித்தான். நான் அவுகளைப் பாத்தேன். அவுக என்னையப் பாத்தாக.

"என் பக்கத்துல கை வச்சீங்களா?" ன்னாக.

"அதைத்தான் நானும் கேக்கப்போறேன்."

மறுபடி முறுக்கினோம். ரெண்டு நாள் போச்சு. மறுபடி லூசு. ஒரு நட்டையே காணும். புது நட்டு போட்டா அதுவும் காணும். மாப்ளைகிட்டச் சொன்னேன். "உப்புக் காத்து மாமா, நட்டைத் தின்னுரும்" னாரு. படிச்ச பிள்ளை, சரியாத்தான் இருக்கும். அவரே அப்ப ஒரு ஸ்பேனரை ஆபீஸ் பைக்குள்ள வச்சுக்கிட்டுத் திரிஞ்சாரு. என் நட்டுக்குச் சேர்ற அதே சைஸு. எதுக்கு மாப்ளைன்னேன். ஆபீஸ்ல ஃபேன் ஆடுதாம். அவ்வளவு பெரிய ஆபீஸ்ல ஒரு ஸ்பேனர் இல்ல பாருங்க.

இப்படியே ஒரு மாசத்துக்கு மேல ஓடிருச்சு. தெனமும் காலையில நானும் அவுகளும் கிளம்பிருவோம். என் மக கேரியர்ல சோறு கட்டித் தந்துருவா. "வெயில் தாழ்ந்தப்புறம் மெதுவா வாங்கப்பா, அவசரமே இல்ல" ன்னு வாசல் வரைக்கும் வந்து சொல்லுவா. எவ்வளவு பாசம்! அவ முகத்துலயும் ஒரு தெளிச்சி வந்துட்டு. பேரனும் கன்னம் வச்சுட்டான். எல்லாம் கடக்காத்துதான். அவங்க ரெண்டு பேரும் கடக்கரைக்கு வரலதான், ஆனா காத்து வீட்டுக்கும் வரும்ல?

கொட்டகையில நாங்க ஒண்ணும் பேசிச் சிரிச்சுக்கிட்டு இருக்கல. சண்டைதான். போல்ட்டை எந்தப் பக்கமிருந்து போடுறதுங்கதுக்கே ரெண்டு நாள் சண்டை. அவுக மேலேருந்து கீழ போட்டாக. நான் கீழேருந்து மேல போட்டேன், நட்டு மேல இருந்தா குனியாம முறுக்கலாம்ல?

"நட்டு கழண்டா போல்ட்டு பொத்துன்னு கடல்ல விழுந்துரும், சம்பந்தி. மேலேருந்து போட்டா தலை பிடிச்சு நிக்கும்" ன்னாக.

"நான் முறுக்கின நட்டு கழறாது."

"தெனமும் கழருதே?"

"அது உப்புக் காத்து."

இதுல ஒரு நாள் பேச்சு முத்திப்போச்சு. உங்க சுக்கான் நேரா இல்லன்னாக. உங்களுதுதான் கோணல்னேன். கடல்ல இறக்கிப் பாத்துருவமா? பாத்துருவோம். பாய் வச்சிருக்க பெட்டிச் சாவி அவுககிட்டதான். பாயை எடுத்தாக. மகன்கூட ரெண்டு மூணு தடவை போயிருக்காகளாம், எல்லாம் தெரியுமாம். எனக்கும் தெரியாம என்ன? ஸ்டியரிங் ஸ்டியரிங்தானே. மிதவைச் சட்டை மாட்டிக்கிட்டோம். வலை காயப்போட்டுக்கிட்டிருந்த ரெண்டு பேரு சிரிச்சுக்கிட்டே வந்து தள்ளிவிட்டாங்க. காலை நேரம், கரையிலேருந்து கடலுக்கு அடிக்கிற காத்து. போட்டு ஜம்முன்னு கிளம்பிருச்சு.

நேராப் போகல. நண்டு மாதிரி பக்கவாட்டுல போகுது. என்னன்னா, அவுக சுக்கான் ஒரு பக்கம் பாக்குது, என் சுக்கான் ஒரு பக்கம் பாக்குது. ஆளுக்கு ஒண்ணை நேரா வச்சோமே தவிர, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு நேரா இருக்கான்னு யாரும் பாக்கல. அவுக பாத்திருக்கணும்.

கரையில ஆளுங்க எறும்பு மாதிரி ஆயிட்டாங்க. திருப்புங்கன்னாக. திருப்புதேன். அப்பத்தான் தம்பி, காலுக்குக் கீழ 'ளுக்' னு ஒரு சத்தம். பாத்தா என் பக்கத்து நட்டு இல்ல. போல்ட்டு கீழ இறங்கி, என் கண்ணு முன்னால, தண்ணிக்குள்ள மினுக்குன்னு ஒரு தடவை மின்னிட்டுப் போயிட்டு. சுக்கான் பலகை கழண்டு, குறுக்குக் கம்பியில தொங்கிக்கிட்டு, அடிபட்ட மீன் மாதிரி அடிக்கி. அந்த அடியில அவுக சுக்கானும் திரும்ப மாட்டேங்குது. போட்டு அதுபாட்டுக்கு வெளிய போகுது. காத்து கடலைப் பாக்க அடிக்கி.

எனக்கு நீச்சல் தெரியாது. கோவில்பட்டியில எங்க போயி நீச்சல் படிக்க? அவுக என் மூஞ்சியைப் பாத்தாக. போல்ட்டு விசயத்தைச் சொல்லிக் காட்டப் போறாகன்னு நினைச்சேன். சொல்லல. அதுதான் எனக்குப் பயத்தைக் கிளப்பிருச்சு.

"பாயை இறக்குங்க முதல்ல" ன்னாக. இறக்கினேன். "குப்புறப் படுத்து அந்தப் பலகையைப் பிடிங்க." படுத்தேன். பாதி உடம்பு வலையில, பாதி கடல் மேல. உப்புத் தண்ணி மூக்குல ஏறுது. பலகையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். அவுக என் கால் ரெண்டையும் ஒரு கையால அமுக்கிக்கிட்டாக. ஆஸ்பத்திரியில எத்தனை பேரை அப்படி அமுக்கியிருப்பாகளோ, அசைய முடியல.

"போல்ட்டுக்கு என்ன செய்ய?" ன்னேன்.

சுத்திமுத்திப் பாத்தாக. வலையில கட்டியிருந்த சோத்துக் கேரியரை அவுத்தாக. அது பழைய மாடல் கேரியரு. அடுக்கோட காதுகள்ள மேலேருந்து கீழ வரைக்கும் ஒரு நீளக் கம்பி கோத்திருக்கும், தலையில வளையம். அந்தக் கம்பியை உருவித் தந்தாக. "மேலேருந்து போடுங்க" ன்னாக. 

போட்டேன். மேலேருந்துதான். முதல் தடவை அலை தட்டி விட்டுட்டு. ரெண்டாம் தடவை அவுக என் இடுப்பைப் பிடிச்சு இன்னும் கொஞ்சம் வெளிய விட்டாக. ஓட்டையும் ஓட்டையும் நேரா வந்த நேரம் பாத்து இறக்கினேன். நின்னுச்சு! கம்பி கொஞ்சம் மெலிசுதான், ஆட்டம் இருக்கத்தான் செஞ்சுது. அவுக சேலை ஊக்கைக் கழட்டிக் கீழ் முனையில சுத்தி மாட்டச் சொன்னாக. மாட்டினேன். கேரியர் கம்பியில போட்டு ஓட்டின டிரைவர் இந்த ஜில்லாவுல நான் ஒருத்தன்தான்.

அதுக்குள்ள காத்து செத்துப்போச்சு. கடல் தட்டு மாதிரி கிடக்கு. "பயப்படாதீங்க. கொஞ்ச நேரத்துல கடலுக்குள்ளேருந்து கரைக்கு அடிக்கும். அது வரைக்கும் சாப்பிடுவோம்" னாக. கம்பி இல்லாத கேரியரு, அடுக்கெல்லாம் தனித்தனியா வலையில கிடக்கு. புளியோதரை, வறுத்த மீனு. அவுக மீனுல முள்ளை எடுத்து எடுத்து என் பக்கம் வச்சாக. எனக்கு முள்ளெடுக்கத் தெரியாம இல்ல. நர்ஸு புத்தி, கை சும்மா இருக்காது.

"உங்க வீட்டம்மா டூட்டிக்குக் கேரியர் கட்டித் தருவாகளா?" ன்னு கேட்டாக.

"தெனமும். அவ போனப்புறம் கேரியரைத் தொட்டதில்ல. டெப்போ பக்கத்துக் கடையிலதான் ரிட்டயர்டு ஆகுற வரைக்கும்."

"நானும் அவரு போனப்புறம் டிபன் பாக்ஸுல நின்னுக்கிட்டே சாப்பிட்டுட்டு வார்டுக்கு ஓடிருவேன்."

மிச்ச மீனையும் அவுக என் பக்கமே தள்ளினாக. சண்டை போடத்தான் ஒண்ணும் ஞாபகம் வரல எனக்கு. அசதி.

சொன்ன மாதிரி காத்துத் திரும்பிச்சு. இப்ப இன்னொரு வம்பு. காத்து நம்மளைத் தள்ளிக்கிட்டுப் போறது மணலுக்கு இல்ல, கரையில கொட்டி வச்சிருக்க பாறாங்கல்லுப் பக்கம். நேரா விட்டா மிதவை ரெண்டும் அப்பளம். அவுக பாயைப் பிடிச்சாக, நான் சுக்கானோட குறுக்குக் கம்பியைப் பிடிச்சேன். "இடது... இடது... இன்னும் கொஞ்சம், போதும்!" னு அவுக சத்தம் போட, நான் ஒடிச்சேன். எங்க வண்டியில கண்டக்டரு பின்னால நின்னு ரிவர்ஸ் சொல்லுவாரு பாருங்க, அந்த மாதிரி. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல நான். கல்லை ஒட்டி ஒரு ஆள் நீளம் தள்ளி உரசாம வந்து, மணல்ல சொய்ங்குன்னு ஏறி நின்னுச்சு. அவுக கை தட்டினாக. ரிட்டயர்டு அன்னைக்கு டெப்போவுல மாலை போட்டாங்க, கை தட்டினாங்க. அது ஒரு மாதிரி. இது ஒரு மாதிரி.

நனைஞ்ச கோழி மாதிரி வீட்டுக்குப் போறோம். மத்தியானம்தான் ஆகுது, வழக்கமா நாங்க வர்ற நேரம் இல்ல. கதவைத் திறந்தா, ஆபீஸுக்குப் போன மாப்ளை வீட்டுல இருக்காரு! ரேடியோவுல பாட்டு, நடுவுல பிரியாணிப் பொட்டலம், என் மக சிரிச்ச சிரிப்பு அப்படியே வாயில நிக்கி. ஃபேனு பாதி வேகத்துல ஓடுது, ஒருத்தருக்கும் பிரச்சினை இல்லாம. பாவம், மாப்ளைக்கு அரை நாள் லீவாம். நாங்க நனைஞ்சு நிக்கதைப் பாத்து, "கடல்ல போனீங்களா? அந்தச் சுக்கானை வச்சுக்கிட்டா?" ன்னு கேட்டாரு. மூஞ்சி வெளுத்துட்டு. மாமனார் மேல அவ்வளவு பாசம் எந்த மாப்ளைக்கு இருக்கும் சொல்லுங்க?

பேரன் கையில ஒரு பவுடர் டப்பா. ஆட்டுதான், கடகடங்குது. கிலுக்காம். மாப்ளை செஞ்சதாம். சம்பந்தியம்மா போயி அதை வாங்கி, ஒட்டியிருந்த டேப்பைப் பிச்சு மூடியைத் திறந்தாக. உள்ள பூரா நட்டு. என் சைஸு, அவுக சைஸு. நானும் எட்டிப் பாத்தேன். ஆபீஸ் ஃபேன் நட்டா இருக்கும்.

அவுக டப்பாவைப் பாத்தாக. மகனைப் பாத்தாக. மருமகளைப் பாத்தாக. என் மக தரையைப் பாக்கா. நான் என்னமோ ஏதோன்னு நிக்கேன். திடீர்னு சிரிக்க ஆரம்பிச்சாக தம்பி, சேலைத் தலைப்பை வாயில வச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர வர. என்னன்னு கேட்டா சொல்லல. கடல்ல பட்ட பயம், சில பேருக்குச் சிரிப்பா வெளிய வரும். வார்டுல அதை மாதிரி பாத்திருப்பாக, தன்னால அடக்க முடியல.

சிரிச்சு முடிச்சுட்டு, மகன்கிட்ட டப்பாவைத் திருப்பிக் குடுத்தாக. "பிள்ளை கையில குடுக்கதா இருந்தா நல்லா ஒட்டிக் குடு" ன்னாக. அப்புறம் என் பக்கம் திரும்பி, "சம்பந்தி, நாளைக்கும் போவோம். இன்னும் ஆட்டம் நிக்கல" ன்னாக. "நிக்கலதான்" னேன்.

அதுக்குப் பிறகு உப்புக் காத்து ஒரு நட்டைத் தின்னல. அதிசயம்தான்.

மாப்ளைக்கு மனசு கேக்கல போல. அடுத்த மாசமே மெட்ராஸ்லேருந்து ஒரு பெட்டி வந்துச்சு. புத்தம்புதுச் சுக்கான், ரெண்டு பக்கத்துக்கும். புது ஊசி, புது புஷ்ஷு, எல்லாம் பளபளன்னு. "இனிமே நீங்க ரெண்டு பேரும் கஷ்டப்படவே வேண்டாம் மாமா" ன்னாரு. எனக்கு, ஒட்டாத புதுச் செருப்பை வாங்கிக் குடுத்த மாதிரி. புதுச் சுக்கானை எடுத்து மாட்டிப் பாத்தேன். சரியாத்தான் இருந்துச்சு, இம்மி பிசகல. நான் வாயத் திறக்கதுக்குள்ள சம்பந்தியம்மா சொல்லிட்டாக: "ஓட்டை அளவே வேற. எவனோ எம்மகனை ஏமாத்திட்டான். சேராது."

எல்லாரும் என்னையப் பாத்தாங்க.

"சேராது" ன்னேன். "எடுத்துப் பரண்ல போடுங்க."

அவுக சொல்லி நான் ஒத்துக்கிட்டது அது ஒண்ணுதான். பெரியவுக ஒரு வார்த்தை சொன்னா நாலு பேருக்கு முன்னால எதிர்த்துப் பேசப்பிடாதுல்ல.

இப்ப நான் கோவில்பட்டியில, அவுக அங்க. பேரன் தவழ ஆரம்பிச்சுட்டான், மகளுக்கும் ஒத்தாசை தேவைப்படல. ஆனா ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை போன் வந்துரும். "சம்பந்தி, உங்க பக்கம் ஆடுது" ன்னு. அவுக பக்கம் ஆடாது, என் பக்கம்தான் ஆடும். வலது பக்கம் பாத்தீங்களா, பாரம் அதிகம். இந்தத் தடவை இந்த ஊசி. போன தடவை புஷ்ஷு கொண்டு போனேன், அதுக்கு முந்தி பலகையில கீறல்னாக, போய்ப் பாத்தா கீறலே இல்ல, பென்சில் கோடு. வெயில்ல கண்ணு தெரிஞ்சிருக்காது. சரி, வந்தது வந்தாச்சுன்னு நாலு நாள் இருந்துட்டு வந்தேன். என்னை விட்டா அந்தப் போட்டுக்கு ஆளு இல்ல தம்பி. அதான் உண்மை. உடம்பு முடியுதோ முடியலையோ, போயித்தான் ஆகணும். சலிப்பாத்தான் இருக்கு. நேத்து ராத்திரி தூங்கல, எங்க பஸ்ஸை விட்டுருவமோன்னு.

என்ன அதுக்குள்ள புது பஸ் ஸ்டாண்டு வந்துட்டு? நல்லாத்தான் ஓட்டியிருக்கான் பய. இருங்க, இறங்கிருதேன், உங்களுக்குப் பழைய பஸ் ஸ்டாண்டுதானே. அங்க பாருங்க, அந்தத் தண்ணிப் பந்தல் பக்கத்துல, நீலக் குடை. அவுகதான். எனக்காக வரல. யாரோ சொந்தக்காரங்களை பஸ் ஏத்திவிட வந்திருப்பாக. நான் இறங்குற நாளெல்லாம் அவுகளுக்கு ஒருத்தரை ஏத்திவிட வேண்டியிருக்கு. அவ்வளவு சொந்தம் இந்த ஊர்ல! தம்பி, சட்டைக் காலர் சரியா இருக்கா பாருங்க. பின்னால மடங்கியிருக்கா? நல்லா இழுத்து விடுங்க.